கடலைக் காணாத போட்

வெள்ளவத்தையில் எங்கள் வீடிருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. இன்று அதன் தண்ணீர்த் தாங்கிக்கு ஃபைபர் பூசுகிறார்கள். அந்த ரெசின் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சண்டைக் காலத்தில், கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கராஜுக்குள் பலகை இழைத்து, ஃபைபர் துணி விரித்து, ரெசின் தடவி, தேய்த்து, திரும்பவும் தடவி, ஞாயிறுகளில் மீன் பிடிக்கவென்று அப்பா ஒரு சின்ன மோட்டர் போட் கட்டினார். சோதனைக்கு வந்த பொலிஸ்காரன் அரைகுறைத் தமிழில், "தமிழ் ஆளுக்கு போட் என்னத்துக்கு? கடல்ல போட்டா உள்ள போடுறது" என்றான்.

"ஹரி சேர்" என்று சிங்களத்திலேயே ஒப்புக்கொண்டார் அப்பா.

"சும்மாதானே கிடக்கு" என்று அம்மா அந்தப் போட்டில் தண்ணீர் நிரப்பினாள். அப்பா அள்ளிக் குளித்துவிட்டுக் கந்தோருக்குப் போனார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.