போணிக்கு முன்னால்

வக்கீலம்மாவின் பூனைக்கு மீன் தரமாட்டோம் என்று சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சிரிக்காதே. நீ பக்கத்துக் கூடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? இப்போது கார் நிறுத்தி சங்கரா மீன் கேட்டவரை நான் திருப்பி அனுப்பியதும் உன் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா ஆயா, வந்த கிராக்கிய தொரத்துற?" என்றாய்.

காரணம் இருக்கிறது. மீன் வெட்டுகிற ஒடிசாக்காரன் இன்னும் வரவில்லை. அவனுடைய வெட்டுக்கட்டை அதோ, என் கூடைக்கு அந்தப் பக்கம், கவிழ்த்தபடியே கிடக்கிறது. வரிசையில் ஓர் ஆள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தெரிகிறவரை யாரும் போணி பண்ணமாட்டோம். முதல் வியாபாரமே நடக்காது. இந்த நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் வேறு எந்த வரிசைக்கும் அந்த வழக்கம் இல்லை. எங்களுக்கு மட்டும்தான்.

அது வந்த கதை வேறு. வரிசைக் கடைசியில் ஒரு கிழவி நெத்திலி விற்றாள். அவள் வாய்க்கு பயந்து போலீஸ்காரரே அந்தப் பக்கம் வண்டி நிறுத்தமாட்டார். ஒருநாள் வரவில்லை. பேத்தி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நாங்கள்பாட்டுக்கு விற்றோம். வெயில் தாழ்ந்து போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் விழுந்து கிடக்கிறாள். வாசல்வரை தவழப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. பிழைத்துக்கொண்டாள். ஆனால் சாகிறவரை எங்களில் ஒருத்தியோடும் பேசவில்லை. அன்றிலிருந்து இந்த வழக்கம்.

சரி, பூனை. வக்கீலம்மாவுக்கு மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டில் மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பூனை மட்டும் சாப்பிடும். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து காசை நீட்டுவார்.

"மாமி வூட்டு பூனை பருப்பு சாதம் துன்னாதாம்மா?" என்று நான் கேட்பேன்.

"அது மட்டும் கேக்கமாட்டேங்கறது ஆயா. ஆத்துல எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துண்டிருக்கோம்."

ஒருநாள் காலை இதே மாதிரி யாரோ வரவில்லை. நான் மீன் தரமுடியாது என்றேன். கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று கத்தினார், பூனை பட்டினி என்றார், கடைசியில் வெறும் கையோடு போனார். அந்தக் கோபம் அவர் மனதில் அப்படியே இருந்திருக்கிறது. நல்லவேளை.

இந்த ஒடிசாக்காரன் காலையில் இங்கே மீன் வெட்டுவான், மத்தியானம் அடையாறில் கட்டட வேலைக்குப் போவான். அங்கே செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன்கள் எல்லோரையும் போலீஸ்காரர்கள் பிடித்துப்போனார்கள், இவனையும் சேர்த்து. எடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். நினைப்பதற்குக் கோர்ட்டில் இடமில்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். அவரிடம் போய் நின்றது நான்தான். தெரிந்த வக்கீல் எனக்கு வேறு யார்?

அவன் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். தனியாக விடமுடியாமல் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் மீன் பெயர்தான். நல்லது எதுவானாலும் வஞ்சிரம், கெட்டது எதுவானாலும் காரப்பொடி. நான் வைத்த ரசம்கூடக் காரப்பொடிதான், அதைவிடு.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் வரிசைக்கே வடை வாங்கிக் கொடுத்தேன். ஆள் அன்றைக்கே வந்துவிடுவான் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். நின்றால்தான் ஜெயில் கதவு திறக்கும். அவனுடைய ஆட்களெல்லாம் ஒடிசாவில் இருக்கிறார்கள். இங்கே ரேஷன் கார்டோடு அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் இருக்கிறேன் என்று போனேன். பிணை நிற்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் குப்பத்தில் ரேஷன் கார்டு அம்மிக்கல் மாதிரி, யார் கேட்டாலும் கொடுப்போம். நாத்தனார் மகனுக்கு நின்றிருக்கிறேன், தண்ணி லாரி சண்டையில் மாட்டிய பையன்களுக்கு நின்றிருக்கிறேன். அதுதான் வினையாகிவிட்டது. ஜட்ஜய்யா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏற்கனவே வேற கேஸ்கள்லயும் ஜாமீன் போட்டிருக்கீங்க. இதுதான் உங்க தொழிலா?"

"இல்லீங்க. மீன் தொழிலுங்க."

பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காசுக்குப் பிணை நிற்கிறவர்கள் கோர்ட் வாசலிலேயே இருப்பார்களாம், என்னையும் அவர்களில் ஒருத்தி என்று எடுத்துக்கொண்டார். பிணை செல்லாது என்றார். வெளியே வந்ததும் வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலயேம்மா."

ஆட்டோவில் திரும்பினோம். தேனாம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது நின்றதுதான். சுற்றிலும் ஹாரன். வீட்டில் அவன் பெண்டாட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், என்னத்தைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு எனக்கு மீன் தரமாட்டேன்னேளே, அது ஏன்?"

இந்த நேரத்திலா பூனைக் கணக்கு என்று தோன்றியது. ஆனாலும் கிழவி கதையைச் சொன்னேன். அவர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.

"கோர்ட்டுக்கு வேண்டியது ரெண்டு ரேஷன் கார்டு இல்லை ஆயா. இவன் ஓடிப்போனா யாருக்காவது உடனே தெரியணும், இவனுக்கு இங்க ஒரு பிடிப்பு இருக்கணும். ஸ்டேஷன்ல கையெழுத்துக்கு வரலைன்னாகூட அவாளுக்கு மத்தியானம்தான் தெரியும். உங்களுக்கு விடியறச்சயே தெரிஞ்சுடறதே."

"அத்த போய் கோர்ட்ல சொல்ல முடியுமா?"

"சொல்லிப் பாப்போம். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, அதுக்கு நான் என்ன பண்றது?"

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் என் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். "வஞ்சிரம்?" என்றாள். "காரப்பொடி" என்றேன். சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டாள்.

வக்கீலம்மா புது மனு போட்டார். ஜாமீன்தாரர் வேண்டாம், அவனையே அவனுக்குப் பிணையாக விடுங்கள், இந்த மீன் வரிசை அவனைப் பார்த்துக்கொள்ளும் என்று. வரிசையே கிளம்பிவிட்டது. "குளிச்சுட்டு வாங்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். குளித்தோம், மல்லிப்பூ வைத்தோம். அப்படியும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

அவனைப் போலீஸ்காரர் இரண்டு பேர் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். இளைத்திருந்தான். ஜட்ஜய்யா என்னைக் கூப்பிட்டு போணி வழக்கத்தைக் கேட்டார். சொன்னேன். அவன் எனக்கு மகன் மாதிரி என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அப்போதுதான் அரசாங்க வக்கீல் எழுந்தார்.

"போய்ப் பாப்பீங்க, சரி. ஆள் இல்லைன்னா? மகன் மாதிரின்றீங்க. ஸ்டேஷனுக்கு வந்து சொல்வீங்களா, இல்ல நீங்களே ரயிலேத்தி விட்டுட்டு வந்து வியாபாரத்தப் பாப்பீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று வக்கீலம்மா எனக்குச் சொல்லவில்லை. அவரைப் பார்த்தேன், அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்தேன், அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் அவனுக்கு நன்றாகவே புரியும். எங்கள் குப்பத்தில் போலீஸுக்கு ஆள் காட்டிக்கொடுத்தவள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வரிசை முழுக்க என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

"சொல்லுவேங்க" என்று முனகினேன்.

"காதுல விழல" என்றார் அரசாங்க வக்கீல்.

"அவன் இல்லன்னா நானே வந்து சொல்லுவேன். அவன் பொண்டாட்டி என் வூட்லதான் கீது. அத்தயும் கூட்டிக்கினு வந்து சொல்லுவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜட்ஜய்யா வெகுநேரம் எழுதினார். அவனுடைய சொந்தப் பிணையிலேயே விட்டார். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து போடவேண்டும். வரிசைக்கு வராத அன்றைக்கு நான் போய்ச் சொல்லவேண்டும். எது தவறினாலும் திரும்ப உள்ளே.

ஜெயில் வாசலிலிருந்து வரும்போது பஸ்ஸில் அவன் கேட்டான். "அம்மா, நீ நெஜமா சொல்லுவியா?"

"சொல்லுவேன் நைனா."

"அப்ப நான் சீக்கிரம் வருது" என்றான். அப்படித்தான் வந்தான். எனக்கு முன்னால் வந்து கட்டையைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். குழந்தை பிறந்த அன்றைக்குக்கூட வந்தான். அவள் பிள்ளையை என் மடியில் போட்டு என்ன சொன்னாள் என்கிறாய்? வஞ்சிரம். அதன்பிறகு பின்சந்தில் தனியாக அறை எடுத்துப் போய்விட்டார்கள். அவள் இன்னும் என் ரசத்தை மன்னிக்கவில்லை.

ஆனால் இன்றைக்கு, பார், ஐஸ் கரைகிறது, கட்டை கவிழ்ந்தே கிடக்கிறது. அவன் ஸ்டேஷனுக்குப் போகிற நேரமும் நெருங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். அசந்து தூங்கியிருக்கலாம். அதோ கடைசியிலிருந்து இரண்டு பேர் என்னையே பார்க்கிறார்கள். போய்ப் பார்க்கவேண்டியவள் நான்தான், பக்கத்துக் கூடை என்னுடையது. அங்கே கதவு பூட்டியிருந்தால் எங்கே போகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த ஈரச் சாக்கை என் கூடைமேல் போடு. காக்காயைப் பார்த்துக்கொள். யார் வந்தாலும் கொடுக்காதே. அதோ திரும்புகிறதே வெள்ளைக் கார், அது வக்கீலம்மாவுடையது, அவருக்கும் கொடுக்காதே, அவருக்குப் புரியும். என் செருப்பை எடு.