மணிக்குள் வைத்த பஞ்சு

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் என் பதவியின் பெயர் கம்ப்யூட்டர். சிரிக்காதீர்கள். இன்று சிறுசேரியில் மேசைக்கு மேசை இருப்பது இயந்திரம். அன்று அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தது நான்தான். சம்பளப் பட்டியலிலேயே அப்படித்தான் எழுதுவார்கள்.

என்னிடம் கைப்பிடி வைத்த கணக்கு மிஷின் ஒன்று இருந்தது. முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் டிங் என்று மணி அடிக்கும். கடலோரக் குப்பங்களின் தரை உயரத்திலிருந்து வெள்ள மட்டத்தைக் கழிப்பது அந்த வருஷத்து வேலை. மணி அடித்தால் அந்தக் குப்பம் தாழ்வு. சிவப்பு மையில் எழுதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புயல் வருகிறதென்றால் பட்டியலில் உள்ள குப்பங்களுக்குத்தான் தண்டோராவும் லாரியும் போகும்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே தாழ்வான குப்பங்கள் நிறைய. மணி ஓயவில்லை. பக்கத்து அறை அதிகாரிக்குத் தலைவலி. "அந்த மணிய கொஞ்சம் நிறுத்தக்கூடாதாம்மா?" என்றார் தலைமை எழுத்தர். காதுவலிக்குக் கைப்பையில் வைத்திருந்த பஞ்சை எடுத்து மணிக்குள் திணித்தேன். அவர் பஞ்சு வை என்று சொல்லவில்லை. மணி எதற்கு, எனக்குக் கண் இருக்கிறதே என்ற திமிர் என்னுடையது.

இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. எதிர் மேசை பாய்தான் அந்த ஆள். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கடை வேண்டாம் என்று தற்காலிக வேலைக்கு வந்தவர். மிஷினோ ஒன்றே ஒன்று. "தங்கச்சி போட்ட கணக்குல நான் இன்னாத்த பாக்கறது? காயிதத்தக் குடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகு ஒருத்தி வந்தாள். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. வாரம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு செங்கல்பட்டுச் சந்தைக்கு வருபவள்.

"ஏம்மா, எங்க குப்பம் லிஸ்ட்டுல இல்லியாமே, இன்னா நாயம் இது? அமாவாசைன்னா வூட்டுக்குள்ளயே தண்ணி வந்துகினு கீது."

"பார்க்கிறேன், போய் வாம்மா" என்று அனுப்பிவிட்டு மிஷினைச் சுற்றினேன். 99998.6 என்று நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் இந்த மிஷின் இடது பக்கம் முழுக்க ஒன்பதாக நிரப்பிவிடும்; உண்மையில் அது ஒன்று புள்ளி நான்கு அடி பள்ளம். காகிதத்தில் கட்டம் சிறியது என்பதால் வலது ஓரத்தை மட்டும் பார்த்து எழுதுவது எங்கள் பழக்கம். தாழ்வைச் சொல்ல மணி இருந்தவரை அது போதும். மணி கேட்காததால் இடது பக்கத்து ஒன்பதுகளைக் கவனிக்காமல், நானும் 8.6 அடி மேடு என்று கறுப்பு மையில் எழுதியிருந்தேன். கீழே பாயின் கையெழுத்து.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாயின் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது அதிகாரி மேசையில் இருந்தது. இந்தத் தப்பு தெரிந்தால் முதலில் போவது அவர் வேலை. கோப்பு திரும்பட்டும், பிறகு சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் என் பெயரைக் காப்பாற்றும் ஆசையும் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் புயல் வந்தது.

மற்றக் குப்பங்களுக்கு லாரி போனது. அந்தக் கருவாட்டுக்காரியின் குப்பத்துக்குப் போகவில்லை. கடல் ஏறுவதைக் கண்டு அவர்களாகவே டச்சுக் கோட்டைப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். காய்ச்சலில் படுத்திருந்த அவள் கொழுந்தனை மட்டும் தூக்கிவர முடியவில்லை.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். காகிதத்தை இழுத்துத் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தங்கச்சி. வேல போனா கட கீது எனக்கு. நானே எழுதிக் குடுத்திருப்பேன்."

இருவருமாக எழுதிக் கொடுத்தோம். பட்டியலைத் திருத்தினார்கள், எங்களை ஒன்றும் செய்யவில்லை. புயலுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார் தலைமை எழுத்தர். பாய்க்கு வேலை நிரந்தரமானது. அதன் பிறகு என் கணக்குக்கு ஒரு நாளும் அவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள், கூடை இல்லாமல். திட்டுவாள் என்று எழுந்து நின்றேன். அவள் மிஷினையே பார்த்தாள்.

"கடலு போட்ட சத்தத்துல நாங்க எழுந்து ஓடினோம். இத்தினி பேரு உக்காந்துகினு கீறீங்க, உங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கலியாம்மா?"

"கேக்கலம்மா" என்றேன். அது பொய்யில்லை. பஞ்சைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.