கோட்டையோரச் சலவைக்காரி

பொறாமைக்காரி கதை கட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். பொறாமை நிஜம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்ததும் நிஜம்.

டச்சு நகரமான ஹார்லெமில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் கணவன் யோரிஸின் பட்டறை. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவன். போன ஜனவரியில், முந்நூற்றைம்பது வருடம் பழைய ஓவியம் ஒன்று வந்தது. அகழி சூழ்ந்த கோட்டை. பாலத்தில் பால்காரன், கரையில் தூண்டில் போடுபவன், மாடுகள். புல்லில் துணி விரித்து வெளுக்கும் ஒருத்தி, நமக்கு முதுகைக் காட்டியபடி.

ஓவியத்து அழுக்கை எச்சிலால்தான் எடுப்பார்கள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல உருட்டுவார்கள். தொழில் அப்படி. எனக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரமாக அவள் மேலேயே உருட்டிக்கொண்டிருந்தால்?

"நான் குடிச்ச கோப்பையில ஒரு வாய் குடிக்க மாட்டே. அவளுக்கு மட்டும் எச்சில் ஊறுதோ?" என்றேன்.

"ஐயோ ஃபென்னா, அவ செத்து முந்நூறு வருஷமாச்சு!"

சிரித்தான்.

பிறகு அவன் சட்டையில் ஒரு வாசனை. புளித்த மோர். துவைத்தும் போகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் துணியை மோரில் ஊறவைத்துத்தான் வெளுப்பார்களாம்.

ஒரு நாள் யோரிஸ் பக்கத்து ஊரான லெய்டனுக்குப் போயிருந்தான். பட்டறை பூட்டியிருந்தது. சாவி என் பையில். மாலை ஐந்தரை, இருட்டத் தொடங்கியிருந்தது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

ப்ச்...

பஞ்சை நாக்கில் நனைக்கும் சத்தம்.

"யோரிஸ்?"

ப்ச்... ப்ச்...

பூட்டைத் திறந்தேன். யாருமில்லை. விளக்கு எரிந்தது. மோர் வாசனை குப்பென்று அடித்தது. நாற்காலியைத் தொட்டேன். சூடு.

மேசையில் ஒரு பஞ்சுக் குச்சி. சொட்டச் சொட்ட ஈரம்.

ஓவியத்தைப் பார்த்தேன்.

முதுகு காட்டியவளின் கன்னம் தெரிந்தது.

உதடு தெரிந்தது.

ஈரமாக...

"அவன் என் புருஷன்டி!"

கத்திவிட்டு, அந்தக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

யோரிஸ் வந்து பார்த்தபோது அவள் பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு முத்திப்போச்சு," என்றான்.

எவளோ கள்ளச் சாவி வைத்திருக்கிறாள் என்றுதான் நம்ப ஆசைப்பட்டேன். உயிரோடு இருப்பவள் என்றால் ஒரு கை பார்த்துவிடலாம் இல்லையா? யோரிஸின் தங்கை மார்லீன் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் பஞ்சு, அவன் பல்துலக்கி, என்னுடையது, மூன்றையும் ரகசியமாக அவளிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"அண்ணி, பஞ்சுல ரெண்டு பேர் எச்சில் கலந்திருக்கு. ஒண்ணு அண்ணனோடது."

"இன்னொண்ணு?"

"ஒரு பொம்பளையோடது. உங்களோடது இல்ல."

"எவ அவ? சொல்லு!"

"தெரியல அண்ணி. அவளோட டி.என்.ஏ., பழைய எலும்புல எடுத்தா இருக்குமே, அந்த மாதிரி மட்கிப்போயிருக்கு... இது எந்தக் கல்லறையில கிடைச்சது?"