சிகரெட் இல்லாத தட்டு

என் கணவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நெஞ்சு கெட்ட கதையைக் கேட்டவர்கள் எல்லாரும், "நல்லா ஊதுவாரோ?" என்றுதான் விசாரித்தார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அவர்களை நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும். ஊதியது ஊர். இருமியது என் புருஷன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். வாரநாளில் அவருக்கு ரயில்வேயில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாட்டு. இசைக்குழு இல்லாத கல்யாண விருந்தை அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் விருந்தாகவே மதிக்க மாட்டார்கள். குரலா அது! உச்சத்துக்குப் போகும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். சாம்பார் வாளியோடு போகிற ஆள் அப்படியே நின்றுவிடுவான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சட்டையில் பொத்தான் இல்லை என்று காலையில் என்னோடு மல்லுக்கட்டிய மனிதரா இவர் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றைக்கும் அந்த மண்டபத்தைத் தாண்டிப் போனால் என் காது தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

அந்த மண்டபத்து வாசலில் ஒரு மேசை போடுவார்கள். பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டு. பக்கத்தில் ஒரு வெள்ளித் தட்டில் சிகரெட்டை விசிறி மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். சந்தனம் தொட்ட கையோடு ஆண்கள் ஒன்றை எடுத்துப் பற்றவைப்பார்கள், இன்னொன்றைக் காதில் செருகிக்கொள்வார்கள். தட்டு காலியாகிவிட்டால் பெண்வீட்டுக்குக் கஞ்சப்பிசினாறி என்று பெயர் வந்துவிடும். இலை போடுவதற்குள் மேடையில் இருப்பவருக்குக் கடைசி வரிசை தெரியாத அளவுக்குப் புகை மண்டிவிடும்.

அவர் முதலில் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தார். பிறகு பாட்டுக்கு நடுவே இருமினார். அப்புறம் வீட்டில் படுக்கும்போதே நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. கிள்ளான் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அந்தப் புகையில போய் இனிமே பாடாதீங்க" என்றார். திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர், "பாடலைன்னா நான் யாருடி?" என்றார். அன்றைக்கு முடிவு பண்ணினேன். இவர் மண்டபத்தை விடமாட்டார். அப்படியானால் புகைதான் மண்டபத்தை விட வேண்டும்.

மண்டபத் தலைவரிடம் போனேன். அவர் விரலிடுக்கில் சிகரெட்டை வைத்துக்கொண்டே சிரித்தார்.

"தங்கச்சி, சிகரெட் வைக்காம கல்யாணமா? அது மரியாதைலா. வேணும்னா உங்க வீட்டுக்காரர ஓய்வெடுத்துக்கச் சொல்லுங்க. பாட ஆளா இல்ல?"

பாட ஆளா இல்லையா! நாக்கு நுனிவரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் அன்றைய கல்யாணத்துக்கு ஒரு பெண் உட்கார்ந்து தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. ஊதுகிறவர்கள் ஆண்கள், ஆனால் தட்டு அடுக்குவது எப்போதும் பெண்கள்தானே! தலைவரிடம் எனக்கு என்ன வேலை?

அதற்குப் பிறகு நான் வாய் ஓயவில்லை. பாசாரில் மீன் வாங்கும்போது, கோயில் வரிசையில், துணி காயப்போடும்போது, எங்கே பெண்கள் நின்றாலும் அங்கே நின்றேன். நோய், நெஞ்சு என்று பேசினால், "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "உங்க பட்டுப்புடவைய மோந்து பாருங்கக்கா. பொட்டிக்குள்ள வச்சாலும் அந்த நாத்தம் போகுதா?" என்றால் நின்றார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகைக்குப் பயந்து வெளியிலேயே நின்று, தம்பி தாலி கட்டியதைப் பார்க்காமல் போன ஒரு அக்கா எனக்கு முன்னால் தானே பேச ஆரம்பித்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அம்மி கொஞ்சம் நகர்ந்தது.

நகர்ந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். முதலில் ஒத்துக்கொண்ட வீட்டார், 'மண்டபத்துக்குள் புகைக்க வேண்டாம்' என்று அழகாக ஒரு அட்டையில் எழுதினார்கள். எழுதி, அதைச் சிகரெட் தட்டின்மேலேயே சாய்த்து வைத்தார்கள். கேட்டால், "தட்டு இல்லாம வெறும் மேசையா வைக்க முடியும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" வந்தவர்கள் அட்டையை மரியாதையாக நகர்த்தி வைத்துவிட்டு சிகரெட்டை எடுத்துக்கொண்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் கணவர் அன்றைக்கு நாலாவது பாட்டில் நிறுத்திவிட்டார்.

அடுத்தது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கல்யாணம். அக்கா என்னைவிடப் பிடிவாதக்காரி. தட்டில் சிகரெட்டுக்குப் பதிலாக ஏலக்காயும் கிராம்பும் இருமல் மிட்டாயும் அடுக்கினோம். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், லோரி வைத்திருப்பவர். கனத்த மீசை, அதைவிடக் கனத்த குரல். தட்டைப் பார்த்தார். ஒரு கிராம்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இது? பல்லு வலின்னு வந்தோமா, கல்யாணத்துக்கு வந்தோமா?"

"வண்டியத் திருப்புங்கடா! மரியாத தெரியாத வீடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் கெட்டுப்போகப் போகிறதே என்று மேடைப் பக்கம் திரும்பினேன்.

அப்போது மேடையிலிருந்து இவர் இறங்கி வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, மரியாதக் குறைவெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் மூச்சு பத்தல. உள்ள புகை இருந்தா ரெண்டு பாட்டுக்கு மேல வரமாட்டேங்குது. உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு சொல்லுங்க. நீங்க வெளிய போய் நிதானமா ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வாங்க. நீங்க உள்ள வந்து உக்கார்ற வரைக்கும் நான் ஆரம்பிக்கமாட்டேன்."

லோரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பழைய பாட்டைச் சொன்னார். இருக்கிறதிலேயே உச்சத்துக்குப் போகிற பாட்டு. வேண்டுமென்றே கேட்டாரோ என்னவோ! வெளியே போய் மரத்தடியில் நின்று, தன் சட்டைப் பையிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பிடித்தார். மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. திரும்பி வந்து வாசலில் நின்று, மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"வந்துட்டேன் தம்பி, ஆரம்பிங்க!"

இவர் பாடினார். ஒரு இருமல்கூட இல்லை. கண்ணை மூடி உச்சத்துக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கி வந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். லோரிக்காரரும் கண்ணைத் துடைத்தார். புகையே இல்லை, அப்புறம் எதற்குத் துடைத்தார்?

அதுவே வழக்கமாகிப்போனது. பாட்டுக்கு முன்னால் ஆண்கள் மரத்தடிக்குப் போவார்கள். பிடித்து முடித்து உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் பாட்டு. லோரிக்காரர் அவர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் இவரைத்தான் கூப்பிட்டார். கிள்ளானில் யாராவது மண்டபத்துக்குள் பற்றவைத்தால், "டேய், பாட்டுக்காரர் பாடணும்டா, வெளிய போ!" என்று அவரே விரட்டினார். நான் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியப் பேசியதைவிட அவருடைய அந்த ஒரு அதட்டல் அதிகம் சாதித்தது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனால் போகட்டும். தொண்ணூறுகளில் எங்கள் மண்டபத்திலும் 'புகைக்கக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். மாட்டியவர் அதே தலைவர். "என் யோசனைதான் தங்கச்சி" என்றார். சிரித்துக்கொண்டேன்.

என் கணவர் அதற்குப் பிறகும் நிறையப் பாடினார். ஆனால் பழைய புகை நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

சாவு வீட்டுக்கும் எங்களில் தட்டு உண்டு. யாரோ உறவுக்காரர், பழக்க தோஷம், கூடாரத்துக்குக் கீழே வெற்றிலையோடு சிகரெட்டையும் அடுக்கி வைத்திருந்தார். எடுத்து வீசச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கிள்ளானிலிருந்து லோரிக்காரர் வந்தார். மீசை முழுக்க வெள்ளை. தட்டைப் பார்த்தார், தொடவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தனியாக நின்று ஒன்றைப் பிடித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. காலில் போட்டு நசுக்கிவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றார்.

"வந்துட்டேன் தம்பி" என்றார்.

மிச்ச வார்த்தை அவருக்கு வரவில்லை. நான் கிடத்தியிருந்த இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மூடியிருந்தது. உச்சத்துக்குப் போகிறபோதும் அப்படித்தான் மூடிக்கொள்வார்.