சரோஜினி அக்காவின் மூக்கு

கல்லைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் சரோஜினி அக்கா மூக்கால் பார்த்துவிடுவார். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, கால் மிதியை ஒரு நொடி அழுத்தி, சுழலும் வைர முனையால் கல்லின் ஓரத்தை, வாசனையை அடக்கிவிடும் தண்ணீரை விடாமல், ஒரே ஒரு தடவை தொடுவார். உடனே கல்லை மூக்கருகே கொண்டுபோவார். குழம்புக்கு உப்புப் பார்ப்பவர் போலக் கண்கள் பாதி மூடியிருக்கும். "கல்லு, கல்லு வாசனைதான் அடிக்குது. ஓகே லா," என்பார். மூக்குக்கண்ணாடி, விளக்கு, தண்ணீர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வயது அறுபத்தாறு. தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் அவருக்கு ஆறாவது மாடி, எனக்கு எட்டாவது. பல்செட்டும் பல்லுக்கு மாட்டும் தொப்பியும் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். "சிராங்கூன் ரோட்டுல பிரியாணி கடிக்கிற பல்லுல பாதி நான் செஞ்சது தம்பி," என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் பெருமையைப் பார்த்தால், பிரியாணியே அவர் சமைத்ததோ என்று தோன்றும். ஓய்வு பெற்ற அன்று முதலாளி சுவர்க்கடிகாரம் வாங்கி வைத்திருந்தார். அக்கா அதைத் தொடவில்லை. மூலையில் கிடந்த பழைய அரைக்கும் மோட்டாரைக் காட்டி, அது போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த மோட்டார் இப்போது அவர் வீட்டுச் சமையலறைப் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது உறுமத் தொடங்கியதும் கூடத்தில் கணவர் கோவிந்தசாமி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "நாப்பது வருஷம் இன்ஜின் சத்தம் கேட்டாச்சு, இப்ப வீட்டுக்குள்ளயுமா?" என்பது அவருடைய நிரந்தரப் புகார். மோட்டார் நின்றால் தொலைக்காட்சியும் அடங்கும். அந்த வீட்டில் சமாதானம் என்றால் அதுதான்.

சிட்டி ஹால் பக்கம் பர்மியர்கள் கடை வைத்திருக்கும் கட்டடத்துக்கு மாதம் ஒரு முறை போவார். பெரிய பெரிய கற்களை அறுத்தது போக மிஞ்சிய ஜேட் என்னும் பச்சைக் கல் துண்டுகளைக் கிளறி, நகத்தளவில் நாலைந்து பொறுக்கி வருவார். பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை கடினமான கல் என்று கேட்டேன். "மெத்துன்னு இருந்தா என் கைக்கு ஆகாது. பல்லு செஞ்ச கை இல்லையா?" என்றார்.

பல் செய்த கை அவ்வளவு எளிதில் மாறவும் இல்லை. முதல் வருடம் எதைச் செதுக்கினாலும் கடைவாய்ப்பல் சாயல் வந்துவிட்டது. மாங்காய் செய்தால் பல், மைனா செய்தால் சொத்தைப் பல். அவர் செய்த பிள்ளையாரின் வயிற்றை உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் அங்கே ஒரு பல் தெரியும். அவருக்கும் தெரியும். அதையே பூஜை மாடத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு கை பழகியது. பாகற்காய், கறிவேப்பிலை, மல்லிகை மொட்டு எல்லாம் வந்தன. நடுவில் துளையுள்ள வட்ட வில்லை ஒன்றைச் சீனர்கள் பாதுகாப்புக்காகக் கழுத்தில் போடுவார்கள். அதை அவர் அச்சு அசலாகச் செய்வார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் உளுந்து வடை. எங்கள் புளோக்கில் பத்துப் பேர் கழுத்திலாவது சரோஜினி அக்காவின் வடை தொங்குகிறது. யாரிடமும் ஒரு வெள்ளி காசு வாங்கியதில்லை.

போன சனிக்கிழமை நானும் ஒரு வேலையோடு போயிருந்தேன். என் மனைவி சங்கீதாவின் ஜேட் பதக்கத்தில் சங்கிலி கோக்கும் துளை உடைந்துவிட்டது. வேறு துளை போட வேண்டும். மோட்டாருக்கு முன்னால் விரித்திருந்த துணியின் மேல் பதக்கத்தை வைத்தேன். அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மத்தவங்க கல்லை இப்ப நான் தொடுறதில்ல தம்பி."

ஏன் என்று கேட்டேன். மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சொன்னார்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் சியூ ஹுவா அண்ட்டியை எனக்கும் தெரியும். இருபது வருடமாக இருவரும் காலை ஆறு மணிக்கு ஒன்றாகச் சந்தைக்குப் போவார்கள். பேச்செல்லாம் பாதி மலாய், பாதி உடைந்த ஆங்கிலம். அண்ட்டி மீனுக்குப் பேரம் பேசுவார், அக்கா மீனை முகர்ந்து பார்ப்பார். "என் மூக்கு தப்பாது அண்ட்டி, பிளாஸ்டிக் எது, பீங்கான் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்," என்று அக்கா அளக்கும் பெருமையை இருபது வருடமும் கேட்டவர் அவர்தான்.

அண்ட்டியின் இடது கையில் ஒரு ஜேட் வளையல் இருந்தது. கல்யாணமான வருடம் அவருடைய கணவர் போட்டுவிட்டது. மீன் சந்தையில் ஐஸ் மூட்டை தூக்கியவர். முப்பத்தெட்டு வருடத்தில் அது ஒரு நாளும் கழன்றதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் கணவர் போனபோதும் அண்ட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார். இந்த வருடம் சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வளையல் மூன்று துண்டானது. அண்ட்டிக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. வர இருந்த ஆபத்தை வளையல் வாங்கிக்கொண்டு உடைந்துவிடும் என்பது சீனர்களின் நம்பிக்கை.

மூன்று துண்டுகளையும் சிவப்புத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அன்றைக்கே அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"'என் புருஷன் என்னைப் புடிச்சுக்கிட்டாரு சரோ'ன்னாங்க. மூணு பொண்ணுங்களுக்கும் இதுல ஆளுக்கு ஒரு வடை செஞ்சு குடுன்னு கேட்டாங்க. உட்காருங்க, இப்பவே ஆரம்பிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

பழக்கம் யாரை விட்டது? முகக்கவசம் கீழே இறங்கியது. முனை ஒரு தடவை தொட்டது. துண்டு மூக்கருகே போனது. முப்பத்தொரு வருடம் பிளாஸ்டிக் பல்செட் ராவும் வாசனையில் கிடந்த மூக்கு அது.

"'ஐயோ அண்ட்டி, இது பல்செட் வாசனை! உள்ள பிளாஸ்டிக் ஏத்தியிருக்கான்!'னு கத்திட்டேன். அதுகூடப் பரவாயில்ல. சந்தோஷமாச் சொன்னேன் தம்பி. கண்டுபிடிச்சுட்டேன்னு அவ்வளவு சந்தோஷம் எனக்கு."

மட்டமான கல்லை அமிலத்தில் ஊறவைத்து, பிசின் ஏற்றிப் பளபளப்பாக்கி விற்பது அந்தக் காலத்திலேயே உண்டாம். அக்கா அதையும் விளக்கியிருக்கிறார். அண்ட்டி முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம், மலாயில். "டியா தாவு கா?" அவருக்குத் தெரிந்திருக்குமா?

ஏமாந்து வாங்கினாரா, தெரிந்தே விலை மலிவாக வாங்கி அசல் என்று சொல்லிப் போட்டுவிட்டாரா? செத்துப்போன மனிதரிடம் யார் போய்க் கேட்பது? அந்தக் கேள்விக்கு மூக்கு உதவாது. அண்ட்டி மூன்று துண்டுகளையும் மறுபடி சிவப்புத் தாளில் மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அக்கா ஒரு பொய்யோடு அவர் வீட்டு வாசலில் நின்றார். மோட்டாரின் ரப்பர் பெல்ட் தீய்ந்துபோயிருந்தது, நேற்று அடித்தது அந்த வாசனைதான், கல் நல்ல கல் என்று. அண்ட்டி சிரித்தாராம். "உன் மூக்கு தப்பாதுன்னு நீதானே சொல்லுவே?" என்றாராம். கோபமே இல்லாமல்.

பிறகு அக்கா தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த கல்லை எடுத்தார். ஐந்து வருடமாக வெட்ட மனசு வராமல் வைத்திருந்த கல். மூன்று வாரம் உட்கார்ந்து மூன்று வடைகள் செய்தார். அண்ட்டி அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ரொம்ப அழகு என்று பாராட்டினார். "ஆனா இது உன்னோட கல்லு, சரோ," என்று திருப்பிக் கையிலேயே வைத்துவிட்டார். அந்த மூன்றும் இப்போது ஒரு நீலப் பல்செட் டப்பாவுக்குள் கிடக்கின்றன. எனக்குத் திறந்து காட்டினார். இதைவிடச் சுத்தமான வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும் லா. சண்டை போட்டா அப்புறம் பேசிக்கலாம். அவங்க சண்டையே போடல. சந்தைக்கு மட்டும் ஏழு மணிக்குப் போறாங்க, நான் வந்ததுக்கு அப்புறம்."

அண்ட்டியை மின்தூக்கியில் நான் அடிக்கடி பார்க்கிறேன். வளையல் இருந்த இடத்தில் தோல் வெளிறி ஒரு வட்டம் இருக்கிறது. அதை வலது கையால் மூடிப் பிடித்தபடிதான் நிற்பார். எதற்கென்று இதுநாள் வரை எனக்குத் தெரியாது.

விரித்த துணியின் மேல் சங்கீதாவின் பதக்கம் அப்படியே இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று கை நீட்டினேன். அக்கா கேட்டார்.

"யாரு வாங்கினது தம்பி?"

"நான்தான்க்கா. முதல் கல்யாண நாளுக்கு."

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு கடை. அசல் என்று கடைக்காரர் சொன்னார். விலையைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேலே எதுவும் கேட்காமல் வாங்கி, அசல் என்று சொல்லியே சங்கீதாவின் கழுத்தில் போட்டுவிட்டேன். பதினாறு வருடமாகக் குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றியதில்லை. இதையெல்லாம் அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் முகம் சிவந்ததை என்னாலேயே உணர முடிந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பதக்கத்தைக் கையில் எடுத்தார். சன்னல் கதவை விரியத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். தண்ணீர் நிரப்பிய ஊசிக்குழலை எடுத்துக் கல் நனைய நனைய விட்டார். தாடைக்குக் கீழே கிடந்த முகக்கவசத்தை மேலே இழுத்து, மூக்கின் மேல் இருக்கும் கம்பியை இரண்டு விரலால் இறுக அழுத்திக்கொண்டு, மிதியின் மேல் காலை வைத்தார்.