இரண்டாவது அடி

என் அண்ணன் இருந்தது ஒரு குட்டிக் கட்சியில். பசிபிக் கடலில் பிரான்ஸ் ஆளுகிற ஒரு தீவில், தனி நாடு வேண்டாம், வரியைக் குறை, கடைத்தெருவுக்குப் போலீஸ் போடு என்று கேட்கிற கட்சி. மொத்தக் கட்சியையும் அமெரிக்காவில் எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. நான் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். அவன் அந்தத் தீவில் எலக்ட்ரிக்கல் கடை போட்டான். அண்ணி தவறிய பிறகு அவனுக்குக் கடையும் கட்சியும்தான்.

"வெள்ளக்காரன் போனதுக்கு நம்ம ஊர்ல லீவு விடறாங்க. நீ என்னடான்னா போகாதன்னு கொடி பிடிக்கிற" என்று போனில் சீண்டுவேன். இங்கே வந்து ஒரு நாள் கடையைத் திறந்து பார், அப்புறம் பேசு என்பான்.

போன வருஷம், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் ஓட்டுரிமையா என்ற தகராறில் தீவு பற்றிக்கொண்டது. ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து வீடியோவில் அவன் கடை எரிவதைப் பார்த்தேன். பெயர்ப்பலகை உருகிக் கீழே சொட்டியது. தெருமுனையில் பழைய ஃப்ரிட்ஜ்களை அடுக்கி, கட்சிக்காரர்களோடு இரும்புக் குழாயை வைத்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னான். அதன் பிறகு நான்கு நாள் போன் இல்லை. அந்த நான்கு நாளும் வீட்டில் யார் வாய் திறந்தாலும் எரிந்து விழுந்தேன்.

விமான நிலையம் திறந்ததும் முதல் விமானத்தில் கிளம்பி வந்தான். நூவர்க் ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது, ஒரு புருவம் கருகியிருந்தது. மூன்றாம் நாள், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, தானாகச் சொன்னான்.

"விடியக்கால ஒருத்தன் எங்க பக்கம் ஓடி வந்தான். ஒரே புகை. தலையில அடிச்சேன். கீழ விழுந்து 'அண்ணா'ன்னான்."

அடி வாங்கியவன் அண்ணன் கடையில் பதினொரு வருஷம் வேலை பார்த்த தீவுக்காரன். கடை ஆட்கள் எல்லோருக்கும் தன்னை அப்படிக் கூப்பிடத்தான் அண்ணன் பழக்கியிருந்தான்.

"அப்பறம்?"

"இன்னொண்ணு அடிச்சேன். கடைய கொளுத்தினவங்களோட இவனும் இருந்திருப்பான்னு தோணிச்சு."

பின்தெரு வழியாக ஆட்கள் வருகிறார்கள், ஓடிவிடு என்று எச்சரிக்க வந்தவனாம் அவன். அது பிறகுதான் தெரிந்ததாம். இப்போது மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். புகையில் ஆள் தெரியவில்லை, ஒரே அடி என்று கட்சிக்காரர்கள் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'அண்ணா' என்றது அவர்கள் யார் காதிலும் விழவில்லை.

என் கையில் தோசைக் கரண்டி இருந்தது. அதாலேயே அடித்தேன், தோளில், கழுத்தில். அவன் நகரவில்லை. கழுத்தில் ரத்தம் கசிந்ததும்தான் நிறுத்தினேன். என் மகள் மாடியிலிருந்து "அம்மா, ஸ்டாப்" என்று கத்தினாள். போலீஸில் போய் உண்மையைச் சொல், அதுவரை என் முகத்தில் விழிக்காதே என்றேன். சொன்னால் ஜெயில்தான் என்று தரையில் உட்கார்ந்து அழுதான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவன் குளிக்கப் போயிருந்தபோது சமையலறை மேடையில் அவன் போன் அடித்தது. எடுத்தேன். அந்த ஆளின் மனைவி. அண்ணனின் தங்கை என்று என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் சொன்னேன். கணவன் இறந்துவிட்டான் என்றாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும் என்றாள். அடிக்கும்போது அது யார் என்று உன் அண்ணனுக்குத் தெரிந்திருந்ததா?

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். எனக்கு நாக்கு ஆடியது.

தெரியாது என்றேன். ஒரே அடிதான், புகையில் தெரியவில்லை என்றேன்.

அவள் வெகுநேரம் அழுதாள். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றாள். பிறகு எனக்கு நன்றி சொன்னாள். நானும் பரவாயில்லை என்றேன்.