இரண்டாவது பொத்தான்

நேற்று வெள்ளிக்கிழமை. மதியம் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் பழைய தொடரை மறுபடி போட்டார்கள். மில் முதலாளியின் மகன் ரஞ்சித், கறுப்புக் கோட்டில் வந்து, "சீர் எதுவும் வேண்டாம், பெண் மட்டும் போதும்" என்றான்.

1996இல் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண்கள் சோற்றுத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து அவனைப் பார்ப்பார்கள். அவன் பேசி முடிப்பதற்குள் அக்காவின் கை தட்டிலேயே காய்ந்துவிடும்.

அந்த ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வந்தவரும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அவரும் சீர் வேண்டாம் என்றார்.

"இன்னாடி, உன் ரஞ்சித்தே காரு எடுத்துகினு வந்துட்டான்!" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அவளைக் கிள்ளினாள்.

கோட்டில் இரண்டாவது பொத்தான் மட்டும் பழுப்பு நிறம். குமணன்சாவடி போட்டோ ஸ்டுடியோவில், படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுவிடும் கோட்டு அது. முந்தின வாரம்தான் அப்பா அங்கே அதைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பொத்தானை அவருக்கு நான் மாட்டிவிட்டிருந்தேன்.

அப்பாவும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ உள்ள போய் காபி எடுத்துகினு வா."

போனேன்.

கல்யாணமான இரண்டாம் வருடம், அக்காவின் நகைகளோடு போனவர் திரும்பவே இல்லை.

நேற்று தொடர் முடிந்ததும் அக்கா பெருமூச்சு விட்டாள். "அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா என்னைக் குடுத்திருப்பாரா, சொல்லு?"

அப்பா படத்துக்குப் போடச் சொல்லி, கட்டி வைத்திருந்த பூச்சரத்தை என்னிடம் நீட்டினாள். படத்தில் அவர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறார். சரத்தைப் பழுப்புப் பொத்தான் மறையும்படி இறக்கி மாட்டினேன்.